அந்த ஓவியம் ஆயிரம் வருடப் பழசு இல்லை

சிம்மாசனத்தில் அரசனும் அரசியும் இடிந்துபோய் உட்கார்ந்திருக்க, பாதிரிமார் வெளியேறும் ஓவியம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. '998இல் நேரில் பார்த்த அரண்மனை ஓவியர் வரைந்தது' என்கிறார்கள். தவறு.

வரைந்தவர் ழான்-பால் லொரான்ஸ், ஆண்டு 1875. அரசன் பிரான்சின் இரண்டாம் ராபர்ட். உறவுக்காரியான பெர்த்தாவை மணந்ததால் திருச்சபையோடு மோதல் வந்தது நிஜம்தான், ஆனால் இந்தக் காட்சி கிட்டத்தட்ட 900 வருடம் கழித்து லொரான்ஸ் கற்பனையில் அமைத்தது. கீழே விழுந்து கிடக்கும் செங்கோலையும், தரையில் அணைந்து இன்னும் புகையும் மெழுகுவர்த்தியையும் பாருங்கள், ஒருவரைத் திருச்சபையிலிருந்து விலக்கும் சபைநீக்கச் சடங்கில் மெழுகுவர்த்தியை அணைப்பார்கள், அதைத்தான் மனுஷன் அவ்வளவு அழகாகப் பிடித்திருக்கிறார்!

ஓவியம் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்கள் இணையதளத்திலேயே ஆண்டைச் சரிபார்க்கலாம். அந்த '998' குறிப்போடு இனி யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.