பணிவோடு மாட்டேன் என்று சொன்ன ஆயர்

ராபர்ட் குரோஸ்டெஸ்ட். பிரெஞ்சில் அந்தப் பெயருக்குப் 'பெரிய தலை' என்று பொருள். தலைக்கனம் இல்லை, உள்ளே சரக்கு இருந்த தலை. இங்கிலாந்தின் சஃபோக்கில் எளிய குடும்பத்தில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் பிரான்சிஸ்கன் துறவிகளுக்குப் பாடம் நடத்தி, 1235-ல் லிங்கன் மறைமாவட்டத்துக்கு ஆயரானவர்.

வானவில், ஒளி பற்றியெல்லாம் எழுதியதால் அறிவியலின் முன்னோடி என்று இவரைத் தூக்கி வைப்பவர்கள் உண்டு. வைக்கட்டும். எட்டாத தூரத்துப் பொடி எழுத்தையும் ஒளியியலைக் கொண்டு படித்துவிடலாம் என்று, தொலைநோக்கி வருவதற்கு முன்னூறு வருஷத்துக்கும் மேல் முன்னாலேயே எழுதிவைத்த ஆள்தான். வயதான பிறகு கிரேக்கம் கற்று, அரிஸ்டாட்டிலின் அறவியல் நூலை லத்தீனுக்குக் கொண்டுவந்தார்.

எனக்கு அதெல்லாம் இரண்டாம்பட்சம். 1253-ல் எழுதிய ஒரு கடிதம் போதும். போப் நான்காம் இன்னசென்ட் தன் சொந்தக்காரர் ஒருவருக்கு லிங்கன் பேராலயத்தில் வருமானமுள்ள பதவி கொடுக்கச் சொல்கிறார். கிழவர் பதில் எழுதுகிறார்: ஒரு மகனுக்குரிய பணிவோடு சொல்கிறேன், பணிய மாட்டேன், எதிர்க்கிறேன், கலகம் செய்கிறேன்.

இதை வைத்து அவரைப் போப்பை எதிர்த்த புரட்சிக்காரராகப் பின்னால் வந்தவர்கள் ஆக்கிவிட்டார்கள். அது தப்பு. போப்பின் அதிகாரத்தை முழுசாக நம்பியவர் அவர். அந்த நாற்காலியின் மானம் போகிறதே என்ற கோபம்தான் அது.

அப்படிக் கேட்க அவருக்கு யோக்கியதையும் இருந்தது. 1232-ல் நோயில் விழுந்து எழுந்ததும், தன் கையிலிருந்த திருச்சபைப் பதவிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் விட்டார். துறவியாக இருந்த சகோதரி இவெட்டாவுக்கு அதைக் கடிதத்தில் விளக்கவும் செய்தார். முதலில் தன் பையைக் காலி செய்தவர், பிறகுதான் அடுத்தவர் பையைப் பார்த்தார்.

இன்னொரு கடிதமும் இருக்கிறது, அதை மறைக்க எனக்கு மனசு வரவில்லை. லெஸ்டரிலிருந்து யூதர்களைத் துரத்தியபோது, அவர்களுக்கு இடம் கொடுக்க முன்வந்த சீமாட்டிக்கு இவர் எழுதியது. கொல்லக் கூடாது, ஆனால் அடிமைபோல் உழைத்துத்தான் பிழைக்க வேண்டும் என்கிறார். அவ்வளவு படித்த தலைக்குள் அதுவும் இருந்திருக்கிறது. காலம் அப்படி என்று சொல்லி நான் கடந்துபோகப் போவதில்லை.

போப்புக்கு மறுப்பு எழுதிய அதே வருஷம் அக்டோபரில் பக்டனில் இறந்தார். புனிதர் பட்டம் கேட்டு இங்கிலாந்திலிருந்து பலமுறை விண்ணப்பம் போனது. ரோம் கடைசிவரை கொடுக்கவில்லை.