மூடினால் தூக்கம், திறந்தால் துக்கம்

இன்று காலையும் அதே கூத்து. மீட்டிங்குக்கு 2 நிமிடம்தான் இருக்கிறது, லேப்டாப் மூடியைத் திறக்கிறேன். பாஸ்வேர்டு கேட்கவேண்டிய திரையைக் காணோம். கீழ்ப்பாதி முழுக்கப் பச்சைக் கோடுகள். மேல்பாதியில் நேற்று இரவு நான் பார்த்துக்கொண்டிருந்த கணக்கு ஷீட், ஆவி மாதிரி அசையாமல் நிற்கிறது. மவுஸை நகர்த்தினால் அது போகிற வழியில் மட்டும் கோடுகள் மறைந்து, அடியில் இருக்கும் உண்மையான திரை எட்டிப்பார்க்கிறது. அம்புக்குறியைத் துடைப்பமாகப் பிடித்துத் திரையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கிறேன். இதற்கா காசு கொடுத்து வாங்கினேன்?

யாரிடம் சொன்னாலும் முதல் பதில் ஒன்றுதான்: "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" பார்த்தேன் ஐயா. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். அடுத்த முறை மூடித் திறந்தால் திரும்ப வந்துவிடும். ஸ்லீப்பில் போடவே கூடாது என்றால் மூடிக்கு எதற்கு அந்த வேலையைக் கொடுத்து வைத்திருக்கிறார்கள்?

இன்னொருவர், "ஷட்டவுன் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றார். விண்டோஸ் 8 வந்த 2012-இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ஷட்டவுன் கொடுத்தால் முழுதாக அணையாது. விண்டோஸின் மையப்பகுதியான கர்னலையும், உள்ளிருக்கும் பாகங்களை இயக்கும் டிரைவர்களையும் அப்படியே டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு, ஆன் செய்யும்போது அதையே எடுத்துப்போடும். உண்மையில் புதிதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட்தான். இந்தச் சின்ன விஷயத்தை யாரும் சொல்லாததால் 3 நாள் வெட்டியாக அணைத்து அணைத்துப் போட்டேன்.

அப்புறம் சப்போர்ட்டுக்கு போன் செய்தேன். அங்கே நடந்ததுதான் உச்சம்.

"மேடம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க."

அனுப்பினேன்.

"இதுல கோடு எதுவும் இல்லையே மேடம்?"

இல்லைதான்! ஸ்கிரீன்ஷாட் என்பது கிராபிக்ஸ் நினைவகத்தில் இருக்கும் படத்தின் நகல். அங்கே படம் சுத்தமாக இருக்கிறது, கண்ணாடிக்கு வரும்போதுதான் கெடுகிறது என்றுதானே அதற்கு அர்த்தம்? பிரச்சினை எங்கே என்று பாதி சொல்லிவிடும் தடயம் அது. அவருக்கோ அது பிரச்சினையே இல்லை என்பதற்கான சாட்சி. செல்போனில் போட்டோ எடுத்து அனுப்பிய பிறகு ஒரே தாவல்: "பேனல் போயிடுச்சு, மாத்தணும்." வாரன்டி முடிந்துவிட்டதால் செலவு என் தலையில்.

கோபத்தில் நானே உட்கார்ந்தேன். எச்டிஎம்ஐ வயரில் வெளி மானிட்டரை மாட்டினேன், அதில் படம் பளிச்சென்று இருக்கிறது. மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பார்த்தேன். கீல் வழியாகப் போகும் வயர் பழுதென்றால் கோடுகள் ஆட வேண்டும், அல்லது வந்து வந்து போக வேண்டும். ஒன்றும் இல்லை. விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் பயாஸ் திரைக்குப் போனால் ஒரு கோடு கிடையாது. ஸ்லீப்புக்குப் பதில் ஹைபர்னேட் கொடுத்தேன். ரேமில், அதாவது தற்காலிக நினைவகத்தில், இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு மெஷின் அணைந்துவிடும். திரும்ப எழுப்பினால் திரை சுத்தம். சரி, பேனலோ வயரோ பிய்ந்திருந்தால், நான் ஸ்லீப்பில் போட்டேனா ஹைபர்னேட்டில் போட்டேனா என்று அதற்கு எப்படித் தெரியும்?

தற்காலிக வைத்தியம் ஒன்று கிடைத்தது. விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B), நான்கையும் ஒன்றாக அமுக்கினால் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். ஒரு பீப், திரை ஒரு நொடி கறுப்பாகும், கோடுகள் போய்விடும். திறந்திருந்த வேலை எதுவும் போகாது. ஆனால் தினமும் காலையில் நான்கு விரலால் மந்திரம் போட்டு எழுப்ப இதென்ன பூதமா?

உண்மையில் இந்த மெஷின் தூங்குவதே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கட்டளை அடிக்கும் ஜன்னலான கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் ஏ (powercfg /a) என்று ஆங்கிலத்தில் அடித்தால், எந்த வகைத் தூக்கம் இருக்கிறது என்று காட்டும். பழைய எஸ்3 வகையில் ரேமுக்கு மட்டும் மின்சாரம் போகும், மற்ற எல்லாம் ஏறக்குறைய அணைந்துவிடும். என்னுடையதில் எஸ்3 இல்லை. எஸ்0 லோ பவர் ஐடில், அதாவது மாடர்ன் ஸ்டாண்ட்பை மட்டும். திரை அணைந்திருக்கும், உள்ளே அரைக்கண் திறந்தபடி ஓடிக்கொண்டே இருக்கும். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

கடைசியில் குற்றவாளி அகப்பட்டது கிராபிக்ஸ் செட்டிங்கில், பவர் என்ற தலைப்பின் அடியில்: பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷ். படம் அசையாமல் இருக்கும்போது கிராபிக்ஸ் சிப் அதே படத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பாமல் ஓய்வெடுக்கும். பேனல் தன்னிடம் இருக்கும் சின்ன நினைவகத்திலிருந்து அதைக் காட்டிக்கொண்டிருக்கும். லேப்டாப்புக்குள் சிப்பையும் பேனலையும் இணைக்கும் தரநிலையான எம்பெடட் டிஸ்ப்ளேபோர்ட்டின் 2011-இல் வந்த 1.3-லேயே இருக்கிற விஷயம். அடுத்த 1.4-இல், மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் வசதியும் சேர்ந்தது. நல்ல யோசனைதான், பேட்டரி மிச்சம். ஆனால் எழுந்திருக்கும்போது சிப் ஒன்று நினைக்கிறது, பேனல் இன்னொன்று நினைக்கிறது. பேனல் பழைய படத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது, மவுஸ் போன இடம் மட்டும் புதுப்படம் பெறுகிறது. என் துடைப்பத்தின் ரகசியம் அதுதான்.

அதை அணைத்தேன். ஒரே நாளில் 40 முறை மூடித் திறந்தேன், பைத்தியம் மாதிரி. ஒரு கோடு இல்லை. பேட்டரி குறைந்ததாக எனக்குத் தெரியவும் இல்லை. லினக்ஸில் இன்டெல் கிராபிக்ஸ் வைத்திருப்பவர்கள் இதே வசதியைக் கர்னல் பூட் அமைப்பில் ஒரு வரி சேர்த்து அணைத்துவிடுகிறார்கள். இங்கே அந்த ஒரு பொத்தானைத் தேடிப் பிடிக்க எனக்கு இரண்டு வாரம்.

கதை அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன். நேற்று இரவு டிரைவர் அப்டேட் ஒன்று என்னைக் கேட்காமலே ஏறியிருக்கிறது. இன்று காலை அந்தப் பொத்தான் மறுபடி ஆன். மீட்டிங்கில் நான் சேர்ந்தபோது பாதி முடிந்திருந்தது.

மதியம் சப்போர்ட்டிலிருந்து மெயில் வந்தது. என் புகாரை மூடிவிட்டார்களாம். காரணம் என்ற இடத்தில்: "பேனல் மாற்ற வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ளவில்லை."