கேள்வித்தாள் எடுத்த கை

(ஞாயிறு மாலை. கணினி முன் கயல். தாள விளையாட்டு ஒன்றுக்காக ஒரு பாட்டின் எளிது, நடுத்தரம், கடினம் நிலைகளை அமைத்துக்கொண்டிருக்கிறாள். திரையில் நான்கு வரிசைகளில் அம்புகள் இறங்கும்; தாளத்துக்குச் சரியாக அந்தந்த வரிசையின் விசையை அடிக்க வேண்டும். பக்கத்தில் பெரியப்பா, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். விசைப்பலகையில் நான்கு விரல்களைப் பரப்பி வைத்திருக்கிறார்.)

பெரியப்பா: இருபதே விநாடியில் தோற்றுவிட்டேன். இதற்கா ‘எளிது’ என்று பெயர் வைத்தாய்?

கயல்: எளிதுதான் பெரியப்பா. ‘கடினம்’ நிலையில் 800 அம்புகள். பாதியை அழித்து 400 ஆக்கியிருக்கிறேன்.

பெரியப்பா: எந்தப் பாதியை?

கயல்: ஒன்று விட்டு ஒன்று.

பெரியப்பா: அதுதானே பார்த்தேன்! என் கால் தாளம் போடுகிறது. டிரம் ஓங்கி விழும் இடத்தில் அம்பைக் காணோம். அது ஓய்ந்த பிறகு, மோர் சாதத்துக்குப் பின் வந்த அப்பளம் போல வந்து நிற்கிறது.

கயல்: எண்ணிக்கை குறைந்தால் எளிதாகிவிடும் என்று நினைத்தேன்.

பெரியப்பா: நானும் ஒருமுறை நினைத்தேன். மெல்லக் கற்கும் மாணவர்களுக்காகக் கடினமான கேள்வித்தாளில் பாதி வரிகளை அடித்துக் கொடுத்தேன். ‘முக்கோணத்தின் பரப்பளவு காண்க’ மட்டும் மிஞ்சியது. அளவுகள் அடித்த வரியில் போய்விட்டன.

கயல்: பிறகு?

பெரியப்பா: ஒரு பையன் ‘கண்டேன்’ என்று எழுதியிருந்தான். சரி, பாட்டின் வேகம் என்ன?

கயல்: நிமிடத்துக்கு 180 தாளத் தட்டு.

பெரியப்பா: விநாடிக்கு மூன்று. ‘நடுத்தரம்’ நிலையில் தட்டுக்கு ஓர் அம்புதானா?

கயல்: ஆமாம். ‘கடினம்’ நிலையில் சில இடங்களில் ஒரு தட்டை நான்காகப் பிளந்திருக்கிறேன்.

பெரியப்பா: விநாடிக்குப் பன்னிரண்டு! கோழிகூட அவ்வளவு வேகமாகக் கொத்தாது. மூன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே படியே இல்லையே. பாதியாகப் பிளந்தால் ஆறு. அங்கே ஒரு நிலை வை.

கயல்: ஜப்பானில் 2001-இல் வந்த ‘தைகோ நோ தத்சுஜின்’ விளையாட்டிலும் எளிது, சாதாரணம், கடினம் என்று மூன்று படி தாண்டித்தான் ‘ஓனி’ வரும். ஓனி என்றால் அரக்கன்.

பெரியப்பா: நீ மூன்றாம் படியிலேயே அரக்கனை உட்கார வைத்திருக்கிறாய். அது போகட்டும். இங்கே பார், இந்த நான்கு அம்பும் ஒரே வரிசையில். என் மோதிர விரல் நடுங்குவது தெரிகிறதா?

கயல்: வேகம் அதேதானே பெரியப்பா?

பெரியப்பா: வேகம் அதேதான், விரல் ஒன்றல்லவா! இரண்டு விரல் மாறி மாறித் தட்டினால் ஒன்று அடிக்கும்போது மற்றது மூச்சு வாங்கும்.

கயல்: சரி, மாற்றுகிறேன். அம்புகள் இறங்கும் வேகத்தையும் பாதியாக்கிவிடட்டுமா? உங்களுக்கு இன்னும் எளிது.

(ஆக்குகிறாள். திரை முழுக்க அம்புகள் நெருக்கியடித்துக்கொண்டு ஊர்கின்றன.)

பெரியப்பா: ஐயோ, பந்தி வாசல்! எது முன்னே, எது பின்னே என்றே தெரியவில்லை. பழைய வேகத்துக்கே போ.

(கயல் திருத்துகிறாள். இரண்டு தட்டுக்கு ஓர் அம்பு, டிரம் விழும் இடத்தில் மட்டும். பெரியப்பா கால் தட்டியபடியே பாட்டை முடிக்கிறார்.)

கயல்: தேறிவிட்டீர்கள்! நூற்றுக்கு 68.

பெரியப்பா: அறுபத்தெட்டா? எல்லா அம்பையும் அடித்தேனே!

கயல்: சற்றுத் தாமதமாக அடித்தால் பாதி மதிப்பெண்தான் கிடைக்கும்.

பெரியப்பா: படி மதிப்பெண்ணா? அப்படியானால் மறுகூட்டலுக்கு எந்த விசையை அழுத்த வேண்டும்?