அந்த முழு வருகைக் கோப்பையை நிறுத்துங்கள்

இன்று காலை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு அம்மா போட்டிருந்தார்: "மிஸ், பாப்பாவுக்கு ராத்திரி 101 இருந்துச்சு. சிரப் குடுத்துட்டேன், இப்ப இல்ல. பையில பாட்டில் வெச்சிருக்கேன், மதியம் சாப்பிட்டதும் இன்னொரு தடவை குடுத்திடுங்க." கீழே நாலைந்து பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. போன வருஷம் கார்த்திகையில் கிட்டத்தட்ட இதே செய்தியை நானும் போட்டேன்.

என் மகள் அப்போது நாலாம் வகுப்பு. பள்ளி திறந்த நாளிலிருந்து ஒரு லீவு கிடையாது. வருஷம் முழுக்க விடாமல் வந்த பிள்ளைகளுக்கு ஆண்டு விழா மேடையில் ஒரு கோப்பை கொடுப்பார்கள். புதன்கிழமை ராத்திரி உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. விடிந்ததும், "லீவு போட்டா கப் போயிடும்மா" என்று ஒரே அழுகை. சிரப்பைக் கொடுத்து, குல்லாவை மாட்டி, வேனில் ஏற்றிவிட்டேன்.

எங்கள் வீட்டில் அவள் படுப்பது தாத்தா பக்கத்தில்தான். அவளுக்கு மூக்கு ஒழுகினால் என் மாமனார் தன் தோள் துண்டால் துடைத்துவிடுவார். அதே துண்டை உதறித் திரும்பத் தோளில் போட்டுக்கொள்வார், அப்புறம் அதிலேயே முகம் துடைப்பார். இதை நூறு தடவை பார்த்திருக்கிறேன், பாசமாகத்தான் தெரிந்தது. சனிக்கிழமை அவருக்கு உடம்பு வலி. திங்கட்கிழமை மூச்சு வாங்கியது. அவருக்கு 74 வயது, இருபது வருஷச் சர்க்கரை. ஒன்பது நாள் மருத்துவமனை, அதில் நாலு நாள் ஐசியூ. மூக்கில் சாம்பிள் எடுத்துப் பார்த்ததில் இன்ஃப்ளூயன்சா ஏ, அதாவது ஃப்ளூ, அதன் மேல் நிமோனியா. டாக்டர் முதலில் கேட்டதே, "வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?"

பிழைத்து வந்துவிட்டார். ஆனால் இப்போதும் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறுகிறார்.

அன்று மகளை நான் பள்ளிக்கு அனுப்பாமல் இருந்திருந்தாலும் அவருக்கு வந்திருக்கலாம், தெரியும். ஆனால் அவளுக்கு அது எங்கிருந்து வந்தது? அந்த வாரம் அவள் வகுப்பில் நாலு பிள்ளைகள் இருமிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் படுத்திருக்க வேண்டிய பிள்ளைகள். நான் அனுப்பிவைத்த கிருமி எத்தனை வீட்டுத் தாத்தா பாட்டிகளிடம் போனதோ, அது எனக்குத் தெரியவே போவதில்லை.

சிரப் காய்ச்சலை இறக்கும், அவ்வளவுதான். கிருமி உள்ளேயே இருக்கும், மூச்சிலும் தும்மலிலும் வெளியே வந்துகொண்டே இருக்கும். ஃப்ளூ வந்தவர் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரப்ப ஆரம்பிக்கிறார். முதல் மூன்று நாலு நாள்தான் மும்முரம். சிறு பிள்ளைகள் இன்னும் அதிக நாள் பரப்புவார்கள். அதனால்தான் மருந்து எதுவும் கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு அனுப்புங்கள் என்கிறார்கள். "மருந்து கொடுக்காமலே" என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் நாம் எல்லோரும் வசதியாக விட்டுவிடுகிறோம்.

நம் வீடுகளில் பழியெல்லாம் மழைக்கும் பனிக்கும் ஐஸ்கிரீமுக்கும்தான். மழையில் நனைந்தால் மட்டும் சளி வந்துவிடாது, கிருமி வர வேண்டும். மழைக்காலத்தில் அது ஏன் கூடுகிறது என்று தெரிய வேண்டுமானால் ஒரு ஸ்கூல் வேனுக்குள் எட்டிப் பாருங்கள். சாரல் அடிக்கிறது என்று எல்லா ஜன்னலும் சாத்தியிருக்கும், கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருக்கும், ஒருவர் மடியில் ஒருவராய்ப் பிள்ளைகள், நடுவில் ஒரு பிள்ளை கொறுகொறுவென்று இருமும். முக்கால் மணி நேரம் எல்லோரும் அதே காற்றைத்தான் மூச்சு விடுகிறார்கள். எங்கள் வேன் டிரைவர் அண்ணனிடம் சொன்னேன், இப்போது இரண்டு பக்கமும் நாலு விரல் அளவு திறந்து வைக்கிறார். ஓரத்தில் உட்காரும் பிள்ளைக்குக் கொஞ்சம் சட்டை நனையும். நனையட்டும்.

கை விஷயமும் அப்படித்தான். 2015-இல் ஆஸ்திரேலியாவில் மருத்துவ மாணவர்களை வீடியோ எடுத்துப் பார்த்ததில், ஒருவர் மணிக்குச் சராசரியாக 23 தடவை தன் முகத்தைத் தொடுகிறார். கிருமிப் பாடம் படிக்கிறவர்களே அப்படி என்றால் நம் பிள்ளைகளைக் கேட்க வேண்டாம். அந்தக் கையில் சோப்பு பட்டாலே ஃப்ளூ கிருமியின் கொழுப்பு உறை கரைந்துபோகும். இருபது விநாடி தேய்த்தால் போதும். ஆனால் சோப்பு இருக்க வேண்டுமே! மகளின் பள்ளிக் கழிப்பறையில் வெறும் குழாய்தான். ஃபீஸ் ரசீதில் எத்தனையோ தலைப்பு இருக்கிறது, சோப்புக்கு மட்டும் காசில்லை. இதை எழுதும்போதே கோபம் வருகிறது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2020-21-இல் பள்ளிகள் மூடி, மாஸ்க் போட்டு, கை கழுவி, உடம்பு சரியில்லாதவர்கள் வீட்டிலிருந்த அந்தக் காலத்தில் உலகம் முழுக்க ஃப்ளூ கிட்டத்தட்டக் காணாமல் போனது. அதில் பி/யமகாட்டா என்ற ஒரு ஃப்ளூ வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவே இல்லை. ஃப்ளூ தடுப்பூசியில் இனி அந்த வகையைச் சேர்க்கத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லும் அளவுக்குப் போனது. மறுபடி ஊரடங்கு வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இருமுகிறவர் மூன்று நாள் வீட்டில் இருக்கட்டும், முடியாவிட்டால் மாஸ்க்காவது போடட்டும் என்கிறேன்.

முடியாதவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்கா போன மாதம் காய்ச்சலோடு வந்து பாத்திரம் தேய்த்தார். வேறொரு வீட்டில் ஒரு நாள் வராவிட்டால் சம்பளத்தில் பிடிப்பார்களாம், இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார். நான் அதற்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்லிவிட்டேன்: உடம்பு முடியாத நாளுக்குக் காசு பிடிக்க மாட்டேன், வராதீங்கக்கா. நாள் கூலிக்குப் போகிறவரிடம் "ரெஸ்ட் எடுங்க" என்று உபதேசம் செய்ய நமக்கு எந்த உரிமையும் இல்லை, அந்த நாளின் கூலியை யாராவது கொடுத்தால் ஒழிய.

கஷாயம், மிளகு ரசம், கற்பூரவள்ளி எல்லாம் எங்கள் வீட்டிலும் உண்டு, தொண்டைக்கு இதம். ஆனால் மெடிக்கல் ஷாப்பில் போய் "சளிக்கு மூணு வேளைக்கு ஆன்டிபயாடிக் குடுங்க" என்று கேட்காதீர்கள். சளியும் ஃப்ளூவும் வைரஸ், அந்த மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. 2023 மார்ச்சில் ஹெச்3என்2 என்ற ஃப்ளூ வகை பரவியபோது இந்திய மருத்துவச் சங்கமே இதைச் சொல்லி அறிக்கை விட்டது. வீட்டில் வயதானவர்களோ, சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்களோ, கர்ப்பிணிகளோ இருந்தால் ஃப்ளூ தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் வருஷா வருஷம் போட வேண்டும், வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். போட்டாலும் வரலாம், ஆனால் ஐசியூ வரை போகும் ஆபத்து குறையும். இந்த வருஷம் மாமனாருக்கு ஆகஸ்டிலேயே போட்டாயிற்று. ஒரு தடவைக்கு ஆயிரக்கணக்கில் செலவாகிறது, அரசின் இலவச அட்டவணையில் இது இல்லை. முதியவர்களுக்காவது சேர்க்க வேண்டும்.

அந்தக் கோப்பை மகளுக்குக் கிடைத்தது. மேடையில் கைதட்டினார்கள். தாத்தாவும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். இப்போது அது எங்கள் ஷோகேஸில் இருக்கிறது, எடுத்து உள்ளே வைக்க எனக்கும் மனசு வரவில்லை, அது அவள் தப்பில்லையே. இந்த வருஷம் ஐப்பசியிலேயே அவளுக்கு இரண்டு நாள் லீவு போட்டேன். முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சாயங்காலம் பார்த்தால் தாத்தா ரூமின் வாசலில் மாஸ்க்கோடு உட்கார்ந்து, அங்கிருந்தபடியே அவரோடு தாயம் ஆடிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் சேர்த்து அவரே காயை நகர்த்துகிறார்.

வருகிற சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். முழு வருகைக்குக் கோப்பை வேண்டாம், கழிப்பறையில் சோப்பு வேண்டும் என்று இரண்டே வரி எழுதி, பதினொரு பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். உங்கள் பிள்ளைகளின் பள்ளியில் இந்தக் கோப்பை உண்டா? கமெண்ட்டில் சொல்லுங்கள், அந்தக் கடிதத்தை அப்படியே அனுப்புகிறேன்.