இருநூறு டிக் போட்ட கார்

(பெங்களூரு அல்சூரில் ஒரு தர்ஷினி ஓட்டல் வாசல். நின்றபடியே பை-டூ காபி. முருகேசன் கல்யாண சமையல் கான்ட்ராக்டர். செல்வம் அவர் மனைவியின் தம்பி, வெளிநாட்டு கார் ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன்.)

முருகேசன்: மச்சான், முடிவு பண்ணிட்டேன். வெள்ளை கலர் ஜெர்மன் கார், செகண்ட் ஹேண்ட். 2020 மாடல், டீசல். அதுவும் 'சர்ட்டிஃபைடு'. இருநூறு இடத்துல செக் பண்ணி டிக் போட்டிருக்காங்க.

செல்வம்: யாரு போட்ட டிக் மாமா?

முருகேசன்: ஷோரூம்லதான். கோட்டு போட்ட பையன்.

செல்வம்: கோட்டை விடுங்க. பிஎம்டபிள்யூல பிரீமியம் செலக்‌ஷன், ஆடில அப்ரூவ்டு பிளஸ், பென்ஸ்ல மெர்சிடிஸ்-பென்ஸ் சர்ட்டிஃபைடு, இதெல்லாம் கார் கம்பெனி பேர்ல நடக்குறது. எல்லா பிராண்டும் விக்கிற கடைக்காரரும் அதே வார்த்தையை ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டிக்கலாம். வண்டி நடுரோட்டுல நின்னா யார் காசு கொடுக்கப் போறாங்க? கம்பெனியா, வாரன்ட்டி விக்கிற வேற ஆளா, அந்தக் கடையா?

முருகேசன்: ஒரு வருஷம் வாரன்ட்டின்னு சிரிச்சுக்கிட்டே சொன்னானே.

செல்வம்: சிரிப்பு கிளெய்ம்ல செல்லாது. புக்லெட்டை அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடியே வாங்கிப் படிங்க. எஞ்சின், கியர்பாக்ஸ் இருக்கும். பிரேக் பேட், டயர், வைப்பர் பெரும்பாலும் இருக்காது. டர்போ, ஏர் சஸ்பென்ஷன், டச் ஸ்க்ரீன் பேர் சொல்லி எழுதியிருக்கான்னு பாருங்க. ஒரு கிளெய்முக்கு உச்சவரம்பு எவ்வளவு, சர்வீஸ் எங்க விடணும்னும் இருக்கும். வெளிய ஆயில் மாத்தினா வாரன்ட்டி போச்சுன்னு பொடி எழுத்துல ஒரு வரி கூட இருக்கலாம்.

முருகேசன்: அப்போ உன்கிட்ட விட முடியாதா?

செல்வம்: வாரன்ட்டி முடிஞ்சதும் நீங்களே வருவீங்க.

முருகேசன்: வாயைக் கழுவு.

செல்வம்: அந்த டிக் பேப்பரைக் கேளுங்க. 'பெயின்ட் ஓகே'ன்னு டிக் இருந்தா பிரயோஜனம் இல்ல. ஒவ்வொரு பேனலுக்கும் பெயின்ட் தடிமன் எத்தனை மைக்ரான்னு நம்பர் வேணும். கம்பெனி பெயின்ட் சுமாரா 100-லேர்ந்து 180-க்குள்ள நிக்கும். ஒரு கதவு மட்டும் 300 காட்டினா திரும்ப அடிச்சது. ஆயிரம் தாண்டினா உள்ள பட்டி.

முருகேசன்: கல்யாணப் பொண்ணு மேக்கப் மாதிரி.

செல்வம்: பம்பர்லயும் ஃபெண்டர்லயும் மேக்கப் இருந்தா மன்னிச்சுடலாம், இந்த ஊர்ல உரசாத வண்டி ஏது? ரூஃபைத் தாங்குற பில்லர்லயும் ரூஃப்லயும் 300 இருந்தா கிளம்பிடுங்க. சிக்னல்ல யாரும் ரூஃப்ல இடிக்க மாட்டாங்க. பானெட் கீல் போல்ட்டுல பெயின்ட் உடைஞ்சிருந்தா ஸ்பேனர் போயிருக்குன்னு அர்த்தம்.

முருகேசன்: இன்னொரு காபி சொல்லவா?

செல்வம்: சொல்லுங்க, தண்ணி விஷயம் இனிமேதான். 2022 செப்டம்பர்ல ஏமலூர், பெள்ளந்தூர் பக்கம் வெள்ளம் வந்தப்போ எத்தனை பெரிய கார் மூழ்கிச்சு? அந்த மாதிரி வண்டி பாலிஷ் போட்டு எங்கயாவது விலைக்கு நிக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க.

முருகேசன்: போட்டுக்கவா?

செல்வம்: பாக்க. சுருள்ல உள்ள இருக்கிற பாகத்தை யாரும் கழுவ மாட்டாங்க. சேத்துக் கோடு, பூஞ்சை இருந்தா அங்கதான். சீட்டுக்கு அடியில ரெயில்ல துருவான்னு டார்ச் அடிங்க. டிக்கி மேட்டைத் தூக்கி அடி பள்ளத்தைப் பாருங்க. பெல்ட் லேபிள்ல தயாரிச்ச வருஷம் இருக்கும். 2020 வண்டில 2023 பெல்ட்டுன்னா, எதுக்கு மாத்தினாங்கன்னு கேளுங்க.

முருகேசன்: வெள்ளத்துல நிக்காத வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லல்ல?

செல்வம்: சன்ரூஃப் இருக்கா?

முருகேசன்: பின்ன! அதுக்காகத்தானே வாங்குறேன்.

செல்வம்: மரத்தடியில நிறுத்தின வண்டின்னா இலைச் சருகு சன்ரூஃப் ஓரத்து வடிகால் குழாயை அடைச்சிடும். மழைத்தண்ணி பில்லர் வழியா இறங்கி கார்ப்பெட்டுக்கு அடியில தேங்கும். சில வண்டில கன்ட்ரோல் யூனிட்டே அங்கதான் உக்காந்திருக்கும். கார்ப்பெட்டைக் கையால அழுத்திப் பாருங்க, ஏசி வாசனை திரவியம் தூக்கலா அடிச்சா இன்னும் நல்லா அழுத்துங்க.

முருகேசன்: டிரைவ் பண்ணிப் பாத்தேனே, வெண்ணெய் மாதிரி போச்சு.

செல்வம்: எங்க ஓட்டினீங்க?

முருகேசன்: ஷோரூம் வாசல்லேர்ந்து பெட்ரோல் பங்க் வரைக்கும்.

செல்வம்: சில்க் போர்டு டிராஃபிக்ல ஓட்டணும். முதல் கியர், ரெண்டாவது கியர்னு ஊர்ந்து போகும்போதுதான் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் குலுங்கும். அதுக்கு முன்னாடி கார் கம்ப்யூட்டர்ல பதிஞ்ச எர்ரரைப் படிக்கிற ஸ்கேனர் மாட்டுங்க. எர்ரர் ஒண்ணும் இல்லைன்னா சந்தோஷப்படாதீங்க, நேத்து ராத்திரி அழிச்சிருக்கலாம். அழிச்ச கொஞ்ச நேரத்துல ஸ்கேனரோட 'ரெடினெஸ்' ஸ்க்ரீன்ல, கார் தன்னைத்தானே சோதிக்கிற டெஸ்ட்ல பாதி முடியலைன்னு காட்டும். அது திருடன் விட்டுப்போற செருப்பு.

முருகேசன்: கியர் ஆயில் ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்னு சொன்னானே?

செல்வம்: யாரோட ஆயுசுன்னு கேட்டீங்களா? நிறைய காருக்கு ஆட்டோமேட்டிக் பண்ணித் தர்ற இசட்எஃப் கம்பெனியே 80,000-லேர்ந்து 1,20,000 கிலோமீட்டருக்குள்ள மாத்தச் சொல்லுது. ஆமா, நீங்க தினமும் எங்க ஓட்டப் போறீங்க?

முருகேசன்: அல்சூர்லேர்ந்து கே.ஆர். மார்க்கெட். காய்கறி பாக்க.

செல்வம்: அதுக்கு டீசலா? புகைபோக்கில டிபிஎஃப்னு ஒரு வடிகட்டி. அதுல சேர்ற கரியை எரிக்க நல்ல சூடு வேணும், ஹைவேல இருபது நிமிஷமாவது ஒரே ஓட்டமா போகணும். உங்க மாதிரி நின்னு நின்னு போனா அடைக்கும், மாத்தணும்னா பில்லைப் பாத்து அக்கா உங்களை வீட்டுக்குள்ள விடாது. பல பிஎஸ்6 டீசல்ல புகையைச் சுத்தம் பண்ற ஆட்ப்ளூ திரவம் வேற ஊத்தணும். தீர்ந்தா வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. பெட்ரோல் வாங்குங்க.

முருகேசன்: பெட்ரோலையும் யோசிக்கிறேன். இந்த வண்டியையே எடுத்தா, டிக்கில நாலு மூட்டை வெங்காயம் போகுமா?

செல்வம்: போகும். பின்பக்கம் ஏர் சஸ்பென்ஷன் இருந்தா அதுவும் போகும். அந்த வண்டின்னா ராத்திரி பூரா நிக்க விட்டு காலையில பாக்கணும். ஒரு மூலை மட்டும் குனிஞ்சிருந்தா காத்து கசியுது, கம்ப்ரஸர் ஓவர்டைம் பாத்துப் புகையும். பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடுற ரன்ஃபிளாட் டயர்னா ஸ்டெப்னியே இல்லாம போகலாம். டயர்ல நாலு நம்பர் பாருங்க: 2319-ன்னா 2019-ஓட 23-வது வாரம்.

முருகேசன்: பேட்டரி?

செல்வம்: மாத்தினா வண்டிக்குச் சொல்லணும்.

முருகேசன்: காதுலயா?

செல்வம்: கம்ப்யூட்டர்ல. புது பேட்டரின்னு பதிவு பண்ணலைன்னா சில வண்டி பழசுக்கு ஏத்த மாதிரியே சார்ஜ் பண்ணிக்கிட்டு இருக்கும். ஆமா, நம்பர் என்ன? கேஏவா?

முருகேசன்: டிஎல். அதான் நாலு லட்சம் கம்மி.

செல்வம்: அந்த நாலு லட்சத்தை ஆர்டிஓவுல வச்சிருக்காங்க. டெல்லியில டீசலுக்கு 10 வருஷம்னு 2015-ல பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018-ல சுப்ரீம் கோர்ட்டும் சொன்னதுல அங்க விலை இறங்கிச்சு. இங்க 12 மாசத்துக்கு மேல வச்சுக்கிட்டா கர்நாடகா லைஃப்டைம் டாக்ஸ். மேல்தட்டு காருக்கு 18 சதவீதம், அதுக்கு மேல செஸ். வயசுக்குக் கழிவு உண்டு, ஆனா கணக்கு போடுறது அது புதுசா வித்த விலையில, நீங்க கொடுக்குற விலையில இல்ல. ஆட்சேபணை இல்லைன்னு டெல்லி ஆர்டிஓ தர்ற என்ஓசி, ஃபார்ம் 28, கைக்கு வராம ஒத்த ரூபாயும் தராதீங்க. லோன் இருந்தா, அது தீர்ந்ததுன்னு பேங்க் கையெழுத்தோட ஃபார்ம் 35. டிரான்ஸ்ஃபருக்கு 29, 30.

முருகேசன்: தலை சுத்துது மச்சான். நாளைக்குக் கூட வர்றியா?

செல்வம்: வர்றேன். ஆனா வண்டி குளிர்ந்திருக்கணும். சூடான எஞ்சின்ல செயின் சத்தமும் வராது, முதல் புகையும் தெரியாது. ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு போன்ல சொல்லுங்க.

முருகேசன்: (போனில்) தம்பி, நாளைக்கு ஒன்பது மணிக்கு வர்றோம். வண்டியை ஸ்டார்ட் பண்ணாம வச்சிருங்க... என்னது? சரி சரி. (போனை வைக்கிறார்)

செல்வம்: என்ன சொன்னான்?

முருகேசன்: கவலையே படாதீங்க சார், எட்டரைக்கே ஓட விட்டு ஏசியைக் குளுகுளுன்னு வச்சிருப்பேங்கிறான்.

செல்வம்: அப்போ எட்டு மணிக்குப் போவோம்.