அந்த 37 நிமிஷத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்

'ஒன் கட் ஆஃப் தி டெட்' (2017) என்ற ஜப்பானியப் படத்தைப் பற்றிய பதிவு இது. கதையை உடைக்காமல் எழுத முடியாது. பார்க்காதவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதல் 37 நிமிஷம் ஒரே ஷாட். பாழடைந்த கட்டடத்தில் ஜாம்பி படம் எடுக்கப்போன யூனிட்டை நிஜ ஜாம்பிகள் துரத்துகின்றன. பார்க்கப் படு சுமாராக இருக்கும். திடீரென்று பேச்சு வற்றிப்போய் 'பொழுதுபோக்கு என்ன?' என்று கேட்டுக்கொள்வார்கள். ஜாம்பி வெளியே நிற்கும்போது சவுண்ட்காரர் எழுந்து வாசலுக்குப் போவார். கேமரா தரையில் விழுந்து, வெகுநேரம் அப்படியே கிடக்கும். மறுபடி எழுந்ததும், தேவையே இல்லாமல் சடார் சடாரென்று ஸூம் போகும். 'இதைப் போயா எல்லாரும் கொண்டாடுகிறார்கள்?' என்று நிறையப் பேர் அணைத்துவிடுவது இங்கேதான்.

பிறகு கதை ஒரு மாதம் பின்னால் போகிறது. 'வேகம், மலிவு, தரம் சுமார்' என்று சொல்லியே வேலை பிடிக்கும் ஓர் இயக்குநர். ஒரே ஷாட்டில், அதுவும் நேரலையில், ஜாம்பி படம் எடுத்துத் தரும் பொறுப்பு அவர் தலையில் விழுகிறது. நாம் முதலில் பார்த்தது அந்த நேரலையைத்தான். அந்த 37 நிமிஷத்தில் எதற்கெல்லாம் சிரித்தோமோ, சலித்தோமோ, ஒவ்வொன்றுக்கும் இப்போது கணக்குத் தீர்கிறது. ஒரு நடிகருக்கு நிற்கவே முடியாத போதை. அவரைத் தேற்றும் வரை நேரத்தை ஓட்டத்தான் அந்தப் பொழுதுபோக்குப் பேச்சு. சவுண்ட்காரருக்கு வயிற்றுக்கோளாறு. கேமராமேன் இடுப்பு பிடித்து விழுந்துவிட, அசிஸ்டென்ட் கேமராவை எடுக்கிறார். ஸூம் என்றால் அவருக்கு உயிர். அதனால்தான் அத்தனை ஸூம்.

என் கருத்து இதுதான். இந்தப் படத்தில் நெஞ்சை அடைக்கும் விஷயம் தனியாக ஒரு சோகக் காட்சியாக வரவில்லை. சிரிப்புக்குக் காரணமான அதே தவறுகளுக்குள்ளேயே இருக்கிறது. தவறுக்குப் பின்னால் ஓர் ஆள் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தது தெரிந்த பிறகு, அந்த ஷாட்டைக் கேலி செய்ய மனசு வராது.

கடைசி ஷாட்டுக்கு வைத்திருந்த கிரேன் உடைந்துபோகிறது. மேலிருந்து எடுத்தே ஆக வேண்டும். யூனிட் மொத்தமும் ஒருவர் முதுகில் ஒருவராக ஏறிக் கோபுரமாக நிற்கிறது. உச்சியில் அந்த இயக்குநரின் தோளில் உட்கார்ந்து அவர் மகள் கேமரா பிடிக்கிறாள். சின்ன வயதில் அவள் அதே தோளில் கேமராவோடு உட்கார்ந்திருக்கும் பழைய போட்டோவை, அப்பா தன் ஸ்கிரிப்டில் ஒட்டி வைத்திருப்பதை முன்பே காட்டிவிடுகிறார்கள். ஒரே ஒரு போட்டோ. அது மட்டும் இல்லையென்றால் அந்தக் கோபுரம் வெறும் வேடிக்கைதான்.

இந்தப் படத்தின் நிஜ இயக்குநர் ஷினிச்சிரோ உவேதா. செலவு சுமார் 30 லட்சம் யென். ஜப்பானில் மட்டும் 300 கோடி யென்னைத் தாண்டி வசூல். 2022-இல் கான் விழாவின் தொடக்கப் படம் இதன் பிரெஞ்சு ரீமேக்தான்.

சென்னையில் ஜாம்பி காமெடி குறும்படம் எடுக்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு: ஒரே ஷாட்டைக் காப்பி அடிக்காதீர்கள், கணக்கைக் காப்பி அடியுங்கள். ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் திரையில் தெரியும் தவறு, வலப்பக்கம் அதற்குக் காரணமான ஆள். வலப்பக்கம் காலியாக இருக்கும் காமெடியைத் தயங்காமல் வெட்டுங்கள்.

ரத்தத்துக்கு லிக்விட் குளுக்கோஸ், சிவப்பு ஃபுட் கலர், நிறம் இருள ஒரு சிட்டிகை கோகோ பவுடர் போதும். இனிப்புக்கு எறும்பும் ஈயும் வந்துவிடும், டேக் முடிந்ததும் தரையைக் கழுவிவிடுங்கள். மே மாத வியர்வையில் லேட்டக்ஸில் (ரப்பர் பால்) செய்த போலிக் காயம் மேலுதட்டிலும் தாடை ஓரத்திலும்தான் முதலில் உரியும். விடிகாலையிலேயே எடுத்து முடிப்பது நல்லது. ஒத்திகை எத்தனை வேண்டுமானாலும் பாருங்கள், ரத்தம் மட்டும் வேண்டாம். ஒரு டேக்குக்கு ஒரு செட் துணி காலி. மூன்று செட் வைத்துக்கொண்டு நாலாவது டேக் போனால், ஜாம்பி வருவதற்கு முன்பே ஹீரோ சட்டையில் கறை தெரியும்.