"மூணு காவு கேக்கற கெணறு": படம் எடுக்கப் போறவங்களுக்கு

கோபியிலிருந்து பல்லடம் வரைக்கும் எந்த ஊருக்குப் போனாலும் முனி அடிக்கிற கிணறு என்று ஒன்றைக் காட்டுவார்கள். "ஒண்ணோட நிக்காதுங்க, மூணு காவு கேக்கும்" என்பதும் கூடவே வரும். இதை ஆவணப்படமாக எடுக்கக் கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் ட்ரோனைப் பறக்கவிட்டு, உடுக்கைச் சத்தத்தைச் சேர்த்து, "மர்மம் நீடிக்கிறது" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. அடுத்த சித்திரையில் அதே மாதிரிக் கிணற்றில் இன்னொருவர் இறங்குவார்.

முதலில் விசாரிக்க வேண்டியது, இறந்தவர்கள் எந்த வரிசையில் இறங்கினார்கள் என்பதை. தூர் வார ஒருவர் இறங்குகிறார், குரல் நின்றுபோகிறது. அவரைத் தூக்க அண்ணன் இறங்குகிறார், அண்ணனைத் தூக்கப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். மூன்று காவுக் கதை பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. ஒருவர் மட்டும் தவறி விழுந்து இறந்த கிணறு என்றால் அது வேறு விசாரணை.

இப்படி நடப்பது ஏன் கோடையில்? தண்ணீர் வற்றுவதால் தூர் வாருவது அப்போதுதான். வெளிக்காற்று சூடு, கிணற்றுக்குள் குளிர்ச்சி. குளிர்ந்த காற்று கனமானது, மேலே வராமல் அடியிலேயே தேங்கும். சேற்றில் இலைதழை மக்கி கார்பன் டை ஆக்சைடு சேரும். அது காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனம். சேற்றைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்பைடும் வரலாம். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், ஆனால் அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. "நாத்தம் போயிருச்சு, எறங்கலாம்" என்பது அதனால்தான் ஆபத்து. கிணற்று மேடையில் ஆயில் எஞ்சின் ஓடியதா, பாறைக்கு வெடி வைத்தார்களா என்றும் கேளுங்கள். இரண்டிலும் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனையே கிடையாது.

மெழுகுவர்த்தி இறக்கிக் காட்டுவது திரையில் நன்றாக இருக்கும். ஆக்சிஜன் சுமார் 16 சதவீதத்துக்கு இறங்கினால்தான் அது அணையும். ஹைட்ரஜன் சல்பைடுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் அணையாது. மீத்தேன் இருந்தால் தீப்பிடிக்கும். நாலு வாயு (ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு, தீப்பிடிக்கும் வாயு) காட்டும் மீட்டரை வாடகைக்கு எடுங்கள். நல்ல காற்றில் பூஜ்யம் செய்து, கயிற்றில் கட்டி, நாலடிக்கு ஒருதரம் நிறுத்தி ஓரிரு நிமிடம் விட்டு இறக்குங்கள். மீட்டர் திரையைப் பார்த்தபடி ஒரு சின்னக் கேமராவும் கூடவே போகட்டும். ஆள் யாரும் இறங்க வேண்டாம், ஒரு ஷாட்டுக்காகக் கூட.

பலர் கோட்டை விடுவது அடுத்ததில். சாதாரண நாலு வாயு மீட்டர் கார்பன் டை ஆக்சைடைக் காட்டாது. அந்த வாயு 10 சதவீதம் கலந்திருந்தாலும் ஆக்சிஜன் 18.8 என்றுதான் காட்டும். வெளியில் 20.9, இங்கே 18.8, பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். ஆனால் அந்தக் காற்றில் ஆள் சில நிமிடத்தில் மயங்கிவிடுவார். கார்பன் டை ஆக்சைடுக்குத் தனி சென்சார் கேட்டு வாங்குங்கள்.

காகிதம் கொஞ்சம் பொறுமை கேட்கும். சந்தேக மரணம் என்றால் காவல் நிலையத்தில் பதிவு இருக்கும்: பழைய வழக்கு என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் (CrPC) பிரிவு 174, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த BNSS சட்டத்தின் பிரிவு 194. தகவல் உரிமை மனுவுக்கு 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். பிரேதப் பரிசோதனை நகலை வீட்டார் மூலம் கேட்பதே சுலபம்.

பேட்டியை டீக்கடை பெஞ்சில் கூட்டமாக எடுக்காதீர்கள். ஒருவர் சொன்னதையே நாலு பேரும் சொல்வார்கள். தனித்தனியாக உட்காரவைத்து, "நீங்க பாத்தீங்களா, இல்ல யாராச்சும் சொன்னாங்களா?" என்று கேளுங்கள். தேதி நினைவில்லாத அப்பத்தாவிடம் மாரியம்மன் நோம்பிக்கு முன்னாலா பின்னாலா, மஞ்சள் வெட்டியாச்சா என்று கேட்டால் மாதம் வந்துவிடும். முனி கதையையும் வெட்டாமல் வையுங்கள். அந்தப் பயம் எத்தனையோ பேரை இறங்கவிடாமல் தடுத்திருக்கும்.

ஊர்ப் பெயர், சர்வே எண், தோட்டத்து கேட் எதுவும் படத்தில் தெரிய வேண்டாம். அந்தக் குடும்பம் நாளைக்குக் காட்டை விற்க வேண்டியிருக்கும்.